ஊருக்கு வராத ராஜாக்கள்

ஜப்னா கிங்ஸ் பற்றி ஒரு கட்டுரை போடுவோம் என்று முடிவெடுத்த அன்றே எங்களுக்குள் சண்டை தொடங்கிவிட்டது. ‘இது எங்கட அணியா, இல்லையா?’ இதுதான் பிரச்சினை.

ஒரு பக்கம் சொன்னது: கப்டன் தென்னிலங்கைக்காரர், முதலாளி லண்டனில், மட்ச் நடக்கிறது அம்பாந்தோட்டையில். இதில யாழ்ப்பாணம் எங்க இருக்கு? உடுப்பில மட்டும்தான். மறுபக்கம் சொன்னது: உடுப்பில இருக்கிறதும் சும்மா இல்லை. அந்தப் பெயர் நாலு தரம் கிண்ணம் தூக்கியிருக்கு, எங்கட பெடியன் ஒருத்தன் அதுக்குள்ளால ஐ.பி.எல். வரைக்கும் போயிருக்கிறான். அதுக்கு என்ன சொல்றீங்கள்?

இரண்டு பக்கமும் சரியாகத்தான் கதைத்தது. ஆகவே தீர்ப்புச் சொல்ல முதல், நடந்ததை ஒழுங்காக வரிசைப்படுத்திப் பார்ப்போம் என்று நினைத்தோம்.

முதலில் ஊரின் கதை

யாழ்ப்பாணத்துக்குக் கிரிக்கெட் 2020 இல் வந்து இறங்கவில்லை. மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையிலான ‘வடக்கின் பெரும் சமர்’ 1904 இல் தொடங்கியது. சென். பற்றிக்ஸ், யாழ்ப்பாணக் கல்லூரி மோதும் ‘பொன் அணிகளின் சமர்’ இன்னொரு பக்கம். பெரும் சமர் நாட்களில் மத்திய கல்லூரி மைதானத்தடியில் நின்று பார்த்தவர்களுக்கு விளங்கும்: கொடி, பாண்ட், லொறியில் பாட்டு, கனடாவிலிருந்து லீவு போட்டு வந்து நிற்கும் பழைய மாணவர்கள். போர்க்காலத்தில் சில வருடங்கள் தடைப்பட்டாலும் அந்த மரபு அறுந்துபோகவில்லை.

ஆனால் அந்த மைதானத்திலிருந்து மேலே போக ஏணி இருக்கவில்லை. இலங்கையில் தேசிய அணிக்குப் போகும் பாதை கொழும்புக் கழகங்களுக்குள்ளால்தான் போகிறது. ஏ9 வீதி மூடிக்கிடந்த காலத்தில் அந்தப் பாதையின் முதல் அடியே இல்லை. ஆடுகளமும் வேறு. கொழும்பில் புல் ஆடுகளம். இங்கே நீண்ட காலமாக மற்றிங் விரித்த ஆடுகளம். மற்றிங்கில் பந்து எழும்பும் விதம் வேறு, திரும்பும் விதம் வேறு. அதில் பழகிய ஒரு பதினெட்டு வயதுப் பெடியனைக் கொண்டுபோய்ப் புல்லில் விட்டு, ‘திறமையைக் காட்டு’ என்றால் அவன் என்ன செய்வான்?

தமிழர்கள் இலங்கைக்காக ஆடவில்லையா என்றால், ஆடினார்கள். 1948 இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கியபோது இலங்கைக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம். பிறகு முத்தையா முரளிதரன், ரசல் ஆர்னோல்ட், அஞ்சலோ மெத்திவ்ஸ். ஆனால் இவர்கள் கொழும்பிலும் கண்டியிலும் கிரிக்கெட் வளர்த்தவர்கள். வடக்கின் மைதானங்களில் வளர்ந்து, அங்கிருந்தே மேலே போனவர் என்று சொல்ல ஒரு பெரிய பெயர் எங்களுக்கு இருக்கவில்லை.

இந்த இடைவெளியைத் தெரிந்துகொண்டால்தான், 2020 இல் ஒரு பெயர் ஏன் இவ்வளவு தொட்டது என்பது விளங்கும்.

குதிரைகள் வந்த வருடம்

லங்கா பிரீமியர் லீக் கொரோனாவால் பல தடவை தள்ளிப்போய், கடைசியில் 2020 நவம்பர் 26 இல் தொடங்கியது. கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என்று ஐந்து அணிகள். எங்கட ஊர்ப் பெயரில் வந்தது ‘ஜப்னா ஸ்டாலியன்ஸ்’. சின்னத்தில் குதிரையைக் கண்டவுடன் எங்களுக்கு நெடுந்தீவுதான் ஞாபகம் வந்தது. பணம் போட்ட குழுவில் புலம்பெயர் தமிழர்களும் இருந்தார்கள். கப்டன் திசர பெரேரா. வனிந்து ஹசரங்க, அவிஷ்க பெர்னாண்டோ, தனஞ்சய டி சில்வா, பாகிஸ்தானின் சொஹைப் மலிக், மேற்கிந்தியத் தீவுகளின் ஜோன்சன் சார்ள்ஸ் எல்லாரும் குழாமில் இருந்தார்கள்.

அதே குழாமில் இன்னும் நாலு பெயர்: விஜயகாந்த் வியாஸ்காந்த், கனகரத்தினம் கபில்ராஜ், தெய்வேந்திரம் டினோஷன், செபஸ்ரியாம்பிள்ளை விஜயராஜ். எங்கட வகுப்பு இடாப்பில் வருவது மாதிரியான பெயர்கள். ஒரு தொழில்முறை அணியின் பட்டியலில், சர்வதேச வீரர்களின் பெயர்களுக்குக் கீழே அவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி வாசித்தது இப்பவும் ஞாபகம்.

மட்ச் எல்லாம் அம்பாந்தோட்டையில், ஆளில்லாத மைதானத்தில். நாட்டின் வடமுனையின் பெயர், தென்முனையில் ஆடியது. ஸ்டாலியன்ஸின் முதல் ஆட்டம் நவம்பர் 27. அது எங்கட ஊரில் என்ன நாள் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வருடம் பொது இடங்களில் நினைவேந்தலுக்கு நீதிமன்றத் தடைகள் இருந்தன. சனம் வீட்டுக்குள் விளக்கேற்றியது. அதே நாளில் அம்பாந்தோட்டையில் ஷஹீட் அப்ரிடியின் காலி அணியை ஜப்னா 8 விக்கெட்டால் வென்றது. அவிஷ்க ஆட்டமிழக்காமல் 92. ஒரு கையில் அந்த ஸ்கோர், மறு கையில் அந்த நாள். இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பிடிக்கிறது என்று எங்களுக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். நாங்கள் சின்ன வயதில் ஆங்கிலச் செய்தியில் ‘ஜப்னா’ என்று கேட்டால், அடுத்து வருவது ஷெல், முகாம், இறந்தவர் எண்ணிக்கை. அன்றைக்கு முதல் தரமாக அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓட்டங்கள் வந்தன.

டிசம்பர் 4 அன்று வியாஸ்காந்த் களமிறங்கினார். மறுநாள் அவருக்குப் பத்தொன்பதாவது பிறந்தநாள். மத்திய கல்லூரிப் பெடியன், லெக் ஸ்பின். எதிரே கொழும்பு கிங்ஸ். அவருடைய முதல் விக்கெட், கொழும்பின் கப்டனும் இலங்கை அணியின் முன்னாள் கப்டனுமான அஞ்சலோ மெத்திவ்ஸ். அந்தப் படம் அன்றிரவு எத்தனை வட்ஸ்அப் குழுவில் சுற்றியது என்று எண்ண முடியாது.

அரையிறுதியில் தம்புள்ளை, டிசம்பர் 16 இறுதியாட்டத்தில் காலி கிளேடியேட்டர்ஸ். ஜப்னா 188 அடித்து 53 ஓட்டங்களால் வென்றது. மலிக் ஆட்டநாயகன், ஹசரங்க தொடர் நாயகன். முதல் தொடரிலேயே கிண்ணம்.

குதிரை போய் ராஜா

அடுத்த வருடமே அந்த முதலாளிகளின் உரிமம் இல்லை. 2021 இல் லைக்கா நிறுவனம் அணியை எடுத்தது. அதன் தலைவர் அல்லிராஜா சுபாஸ்கரன், முல்லைத்தீவில் பிறந்து புலம்பெயர்ந்து தொலைபேசி வியாபாரத்தில் வளர்ந்தவர். தமிழ் சினிமா பார்ப்பவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. குதிரை போனது, ‘ஜப்னா கிங்ஸ்’ வந்தது.

பிரான்சைஸ் என்றால் என்ன என்பதை இந்த இடத்தில் சொல்லவேண்டும். இது கழகம் இல்லை. பழைய மாணவர் சங்கம் மாதிரி உறுப்பினர்கள் சேர்ந்து நடத்துவதும் இல்லை. போட்டி ஸ்ரீலங்கா கிரிக்கெட்டுடையது. அதை நடத்தும் உரிமை ஐ.பி.ஜி. என்ற டுபாய் நிறுவனத்திடம். முதலாளி காசு கட்டிக் குறிப்பிட்ட காலத்துக்கு ஓர் ஊரின் பெயரில் அணி நடத்தும் உரிமையை வாங்குகிறார். வீரர்கள் தெரிவு முறையிலோ, 2023 இலிருந்து போல ஏலத்திலோ வருகிறார்கள். மூன்று கிழமை ஆடுகிறார்கள், கலைகிறார்கள். அந்த ஊரில் ஒரு மைதானமோ வலைப் பயிற்சிக்கூடமோ இருந்தால்தான் பெயரைப் பாவிக்கலாம் என்று இல்லை. அப்படி இருந்திருந்தால் ஜப்னா என்று ஓர் அணியே வந்திருக்காது.

மற்ற ஊர்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவு. கொழும்பு கிங்ஸாக இருந்தது, ஸ்டார்ஸானது, பிறகு ஸ்ட்ரைக்கர்ஸ். காலி கிளேடியேட்டர்ஸ், டைட்டன்ஸ், மார்வல்ஸ் ஆனது. தம்புள்ளை வைக்கிங், ஜயன்ட்ஸ், ஓரா, சிக்ஸர்ஸ். கண்டி டஸ்கர்ஸில் தொடங்கி வொரியர்ஸ், பல்கன்ஸ், பி-லவ் என்று போய்த் திரும்ப பல்கன்ஸுக்கு வந்தது. முதலாளி மாற மாறப் பெயர்ப்பலகை மாறியது. 2021 இலிருந்து 2024 வரை நாலு தொடரிலும் ஒரே பெயரில் நின்றது ஜப்னா கிங்ஸ் மட்டும்தான்.

நின்றது மட்டும் இல்லை, வென்றது. 2021 டிசம்பரில் முதல் தகுதிகாண் ஆட்டத்தில் காலியிடம் தோற்று, இரண்டாவதில் அவிஷ்கவின் சதத்தால் தம்புள்ளையை மடக்கி, இறுதியில் திரும்பவும் காலியைச் சந்தித்தது. 201 ஓட்டம், 23 ஓட்டங்களால் வெற்றி. 2022 இல் நாடே பெற்றோல் வரிசையில் நின்றதால் ஓகஸ்டில் நடக்கவேண்டிய தொடர் டிசம்பருக்குப் போனது. அந்த இறுதியாட்டம்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த ஆட்டம்: கொழும்பு ஸ்டார்ஸின் 163 ஐ, நாலு பந்து மிச்சமிருக்க, 2 விக்கெட்டால் எட்டியது ஜப்னா. சதீர சமரவிக்ரம அந்தத் தொடரின் நாயகன். மூன்று தொடர், மூன்று கிண்ணம், மூன்றிலும் கப்டன் திசர பெரேரா.

‘எங்கட’ என்றால் யார்?

இந்த இடத்தில்தான் எங்கட சண்டை திரும்ப வரும். யாழ்ப்பாணத்தின் பெயருக்காகக் கிண்ணம் தூக்கியவர்களில் பெரும்பாலானோர் சிங்கள வீரர்கள். மஹீஷ் தீக்ஷனவை எடுங்கள். இராணுவ விளையாட்டுக் கழகத்துக்காக விளையாடியவர். 2021 இல் ஜப்னா கிங்ஸின் முக்கிய பந்துவீச்சாளர். இரண்டு மாதம் கழித்து, 2022 பெப்ரவரி ஏலத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அவரை 70 லட்சம் இந்திய ரூபாய்க்கு எடுத்தது. உடனே தமிழ்நாட்டுச் சமூக வலைத்தளங்களில் எதிர்ப்பு: தமிழர்களின் அணியில் சிங்கள வீரரா, சென்னையைப் புறக்கணிப்போம் என்று.

அவர்களின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும். அதை நாங்கள் சிரித்துக் கடக்கவில்லை. ஆனால் எங்களுக்காகக் கோபப்பட்டவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அதே ஆள் அப்போதுதான் ‘ஜப்னா’ என்று எழுதிய உடுப்போடு கிண்ணம் வென்றுவிட்டுப் போயிருக்கிறார் என்று? யாழ்ப்பாணத்துத் தெருவில் மஞ்சள் உடுப்போடு திரியும் சென்னை ரசிகப் பெடியள் அவருடைய பந்துக்குக் கைதட்டியதும் உண்மை, அவர் எந்தக் கழகத்துக்காரர் என்று தெரிந்தே தட்டியதும் உண்மை.

இதை ‘நல்லிணக்கம்’ என்று பெயர் வைத்துப் படம் பிடித்துப் போடுவது லேசு. அந்தச் சொல்லை நாங்கள் பாவிக்க விரும்பவில்லை. ஒரு சிங்களக் கப்டன் ஜப்னா கிண்ணத்தைத் தூக்குவதால் காணி திரும்பக் கிடைக்காது, காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றிய கேள்விக்குப் பதிலும் வராது. அதே நேரம், அந்தக் கப்டன் அந்த ஊரின் பெயருக்காக உண்மையாக ஆடினார் என்பதையும் மறுக்க ஏலாது. திசர பெரேரா மீது எங்களுக்குக் கோபமில்லை. எங்கட கேள்வி பெயரை விற்றவர்களிடமும் வாங்கியவர்களிடமும்தான்.

சரிவும் கடைசிக் கிண்ணமும்

2023 இல் முதல் தரமாகக் கிண்ணம் இல்லை. நாலாம் இடத்தில் வந்து, வெளியேற்ற ஆட்டத்தில் பி-லவ் கண்டியிடம் தோற்றது. கவிழ்த்தவர் யார் என்று பார்த்தால் வனிந்து ஹசரங்க: 9 ஓட்டத்துக்கு 6 விக்கெட். 2020 இல் எங்களுக்குக் கிண்ணம் வாங்கித்தந்த அதே கை. பிரான்சைஸில் பழைய உறவு என்று ஒன்றும் இல்லை.

2024 ஜூலையில் சரித் அசலங்கவின் தலைமையில் திரும்ப எழும்பியது. கண்டியுடனான இரண்டாவது தகுதிகாண் ஆட்டத்தில் குசல் மென்டிஸ் 105. வெற்றி ஒரேயொரு ஓட்டத்தால். ஜூலை 21, கொழும்பு ஆர். பிரேமதாச மைதானம், இறுதியாட்டம். காலி மார்வல்ஸ் 184. ஜப்னா ஒரேயொரு விக்கெட்டை இழந்து 15.4 ஓவரில் முடித்துவிட்டது. தென்னாபிரிக்காவின் ரைலி ரூசோ ஆட்டமிழக்காமல் 106, மென்டிஸ் 72. ஐந்து தொடரில் நாலாவது கிண்ணம். வேறு எந்த ஊருக்கும் ஒன்றுக்கு மேல் இல்லை.

அந்த வருடத்தின் பெரிய செய்தி எங்களுக்கு அந்தக் கிண்ணம் இல்லை. சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியில் காயமடைந்த ஹசரங்கவுக்குப் பதிலாக ஒருவர் எடுக்கப்பட்டார்: வியாஸ்காந்த், 50 லட்சம் இந்திய ரூபாய்க்கு. 2024 மே 6 அன்று மும்பை வான்கடே மைதானத்தில் அவர் ஐ.பி.எல். பந்தை வீசினார். அந்த அணியின் சுழல் பயிற்சியாளர் முத்தையா முரளிதரன். அதற்கு முதலே, 2023 ஒக்டோபரில், ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக இலங்கை உடுப்பையும் போட்டுவிட்டார். முன்பு இல்லை என்று சொன்னோமே, அந்த ஏணி. அதில் ஒருத்தர் ஏறிக் காட்டினார். ஏறுவதற்கு முதல் படியாக இருந்தது இந்த அணிதான். அந்த வரவை நாங்கள் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

ஆனால் ஒருத்தர். ஐந்து தொடர், நாலு கிண்ணம், நிலைத்து நின்ற ஒரேயொரு வடக்குப் பெயர். 2020 பட்டியலில் நாங்கள் ஆசையோடு வாசித்த மற்ற மூன்று பேரையும் அதே மாதிரி உலகம் அறியவில்லை. திறமை இல்லாமல் இல்லை. மூன்று கிழமைத் தொடரில் வெளிநாட்டு நட்சத்திரங்களுக்கும் தேசிய வீரர்களுக்கும் பிறகு ஒரு புதுப் பெடியனுக்கு மிஞ்சுவது தண்ணீர்ப் போத்தலும் வாங்குக் கதிரையும்தான். மீதி நாற்பத்தொன்பது கிழமையும் அவனை யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் அவனுடைய எதிர்காலம் இருக்கிறது.

ராஜா போன பிறகு

2025 இல் ஸ்ரீலங்கா கிரிக்கெட், ஒப்பந்தக் கடமைகளை நிறைவேற்றவில்லை என்று சொல்லி ஜப்னா கிங்ஸ், கொழும்பு ஸ்ட்ரைக்கர்ஸ் இரண்டின் உரிமங்களையும் இரத்துச் செய்தது. நாலு கிண்ணம் வென்ற அணி, நடப்புச் சம்பியன், ஓர் அறிவித்தலோடு முடிந்துபோனது. அந்த வருட இறுதியில் நடக்கவிருந்த தொடரும், 2026 ரி20 உலகக் கிண்ணத்துக்கு மைதானங்களைத் தயார்ப்படுத்தவேண்டும் என்று பிற்போடப்பட்டது.

எங்களை யோசிக்க வைத்தது அதற்குப் பிறகு வந்த அமைதிதான். ஊரில் ஒருவரும் தெருவில் இறங்கவில்லை. பெரும் சமர் ஒரு வருடம் நடக்காது என்று அறிவித்துப் பாருங்கள், கல்லூரி வாசலில் எவ்வளவு சனம் நிற்கும் என்று தெரியும். கிங்ஸுக்கு முகநூலில் நாலு கவலை முகம், அவ்வளவுதான். ஏனென்றால் இழப்பதற்கு ஊரில் ஒன்றும் இருக்கவில்லை. நின்று பார்த்த படிக்கட்டு இல்லை, டிக்கெட் துண்டு இல்லை, ‘இந்த மதிலுக்கு மேலாலதான் அவன் அடிச்சவன்’ என்று காட்ட ஒரு மதில் இல்லை. ஜப்னா அணி அம்பாந்தோட்டையில் ஆடியது, கொழும்பில் ஆடியது, பல்லேகலையில் ஆடியது, தம்புள்ளையில் ஆடியது. யாழ்ப்பாணத்தில் ஒரு பந்துகூட ஆடவில்லை.

2025 செப்டம்பர் 1 அன்று மண்டைதீவில் யாழ். சர்வதேச கிரிக்கெட் மைதானத்தின் வேலைகளை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கிவைத்தார். கடலுக்கு நடுவே தாழ்ந்த தீவு நிலத்தில் கட்டுவதைப் பற்றிச் சூழலியல் கேள்விகள் எழுந்தன; அவற்றுக்கு ஒழுங்கான பதில் வேண்டும். ஆனால் கட்டி முடிந்தால், பண்ணைப் பாலத்தால் சைக்கிளில் போய்ப் பார்க்கிற தூரத்தில் ஒரு மைதானம் இருக்கும்.

இனி எங்கட சண்டைக்கு வருவோம். இரண்டு பக்கமும் சேர்ந்து ஓர் இடத்துக்கு வந்திருக்கிறோம். ஜப்னா என்ற பெயரில் திரும்ப ஓர் அணி வரும். பெயருக்குச் சந்தை இருக்கிறது, வாங்க ஆள் வரும். அன்றைக்கு நாங்கள் கேட்கவேண்டியது எத்தனை நட்சத்திரங்கள் என்று இல்லை. வருடத்தில் எத்தனை ஆட்டம் இங்கே? முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் மன்னாரிலும் இருக்கிற பள்ளிக்கூடங்களுக்கு எத்தனை புல் ஆடுகளம், எத்தனை பயிற்றுநர்? பட்டியலில் இருக்கிற எங்கட பெடியள் எத்தனை ஆட்டத்தில் களத்தில் நிற்பார்கள்? எங்கட பெட்டையள் பந்து பிடிக்க எங்கே போவார்கள்?

இந்த நாலு கேள்விக்கும் பதில் சொல்லுகிற முதலாளி லண்டனிலிருந்து வந்தால் என்ன, கொழும்பிலிருந்து வந்தால் என்ன, கப்டன் எந்த மொழி கதைத்தால் என்ன. அன்றைக்கு நாங்கள் எல்லாரும் மண்டைதீவில் படிக்கட்டில் இருப்போம்.